மிருதுளாவுக்கு ஒரு வண்டி

பாப்பாவுக்கு இதுதான் முதல் வண்டிங்களா என்று ரியாஸ் கேட்கிறார். ஆமாங்க என்கிறேன். அப்படின்னா சின்னதாப் போறதுதான் நல்லதுங்க, முதல் வண்டி எப்படியும் நாலு இடத்துல உரசத்தான் செய்யும், உரசுனாலும் மனசு வலிக்கக் கூடாது பாருங்க என்று சொல்லிக்கொண்டே வரிசையில் நிற்கும் வண்டிகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறார், திறக்கத் திறக்க வேறு வேறு வீடுகளின் வாசனை வெளியே வருகிறது, ஒன்றில் விபூதி, ஒன்றில் குழந்தை பால் கக்கிய புளிப்பு, ஒன்றில் மல்லிகை சென்ட்டுக்கு அடியில் சிகரெட். எவ்வளவு கழுவினாலும் போகாது போலிருக்கிறது. ஒரு வண்டியின் சீட்டு மடிப்பில் பச்சை நிற ஹேர்கிளிப் ஒன்று மாட்டியிருக்கிறது, அதைத் தேடி எந்த வீட்டில் எந்தப் பெண் யாரோடு சண்டை போட்டாளோ. அவிநாசி ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இவ்வளவு வெயில் இருக்கும் என்று நினைக்கவில்லை. பழைய கார் விற்கிற இந்த இடத்துக்குக் கூரை என்பது ஆபீஸ் முன்னால் இருக்கிற தகரக் கொட்டகை மட்டும்தான், அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், கையில் டீ டம்ளர், இன்னும் குடிக்கவில்லை, டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கண் அவர் மேலேயே இருக்கிறது எனக்கு. ரியாஸ் பேசுவதைக் கேட்கிறேன், தலையாட்டுகிறேன், ஆனால் அந்த ஒரு கண் இந்த இரண்டு வருஷமாக என்னுடையதில்லை. தூக்கத்தில்கூட அது மூடுவதில்லை என்று தோன்றும். ரெண்டு வருஷம் இத ஓட்டிக் கை பழகட்டுங்க, அப்புறம் கொண்டாங்க, நானே எடுத்துக்கறேன், பெருசா மாத்திக்கலாம் என்கிறார் ரியாஸ். நல்ல மனிதர். முப்பத்தைந்து வயது இருக்கும், அவருக்கும் பெண் குழந்தை இருக்கிறதாம். ரெண்டு வருஷம் என்று அவர் சொன்னதை மனது பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. ரெண்டு வருஷம் கழித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு டீயை விழுங்கத் தெரியுமா? டாக்டர் அதையும் சொல்லியிருக்கிறார், கடைசியில் விழுங்குவதும் மறந்துபோகும் என்று, மிகவும் மெதுவாக, சொன்னது எனக்குக் கேட்டதா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார். மிருதுளா எல்லா வண்டிகளுக்கும் முன்னால் போய் நிற்கிறாள், எதையும் தொடவில்லை, பரீட்சை எழுதப் போகிறவள்போல முகம். பதினெட்டு முடிந்த கையோடு லைசென்ஸ் எடுத்துவிட்டாள். கூடப் படித்த பெண்கள் எல்லாம் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி போட்டோ போட்டார்கள், இவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் இந்த வண்டி. அதை எப்படி ரியாஸிடம் சொல்வது. பகலில் வீட்டில் அவர் இருப்பதே தெரியாது, பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருகிறாள், டிவி பார்ப்பார், சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், நான் கூட்டுறவு பேங்கிலிருந்து வீடு திரும்பும்வரைக்கும் சத்தமே இருக்காது. வெயில் இறங்கி வாசலில் நிழல் நீள ஆரம்பித்ததும் உடம்புக்குள் எதுவோ ஏறிவிடும். சட்டை மாற்றிக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்று உலுக்குவார். லைனுக்குப் போகணும், கரூர் பார்ட்டி காத்துட்டு இருப்பாங்க, கேட்டத் தெறங்க. மில்களுக்கு உதிரிச் சாமான் விற்கிற கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் ஊர் ஊராகக் கார் ஓட்டிப் போனவர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், ராஜபாளையம், எந்த ஊரில் எந்தச் சந்தில் நல்ல இட்லி கிடைக்கும் என்று அவரைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அந்த இருபத்தெட்டு வருஷமும் இப்போது சாயங்காலமானால் கேட்டை உலுக்குகிறது. பூட்டைத் திறக்காவிட்டால் தலையால் இடிப்பார். ஒரு நாள் நெற்றி கிழிந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் முதலில் ஓடி வந்தார்கள், அப்புறம் ஜன்னலிலிருந்து பார்த்தார்கள், இப்போது ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சித்திரையில் என் அண்ணன் வந்திருந்தபோது அந்த நேரம் பார்த்து, வாங்க மாப்பிள்ளை ஒரு ரவுண்டு போலாம் என்று தன் காரில் ஏற்றி சூலூர்வரை போய்த் திரும்பினான், போகும்போது வருகிற போர்டுகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு குழந்தைபோல உட்கார்ந்திருந்தாராம். இறங்கியவர் கை கழுவிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். அன்றைக்கு நானும் தூங்கினேன். மிருதுளா தூங்கவில்லை என்று இப்போது தெரிகிறது, படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள். வாடகைக் கார் வைத்துப் பார்த்தோம், தெரியாத ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவருக்குப் பயம், ஒரு டிரைவரைப் பின்னாலிருந்து கழுத்தில் குத்திவிட்டார், அந்தப் பையன் பாவம் அழுதுகொண்டே வண்டியை ஓரம் கட்டினான். நான் கற்றுக்கொள்ளப் போனேன். மூன்றாவது நாளே எதிரில் பஸ் வந்ததும் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். உங்களுக்கு வேண்டாங்கம்மா என்று சொல்லித்தந்தவர் கும்பிட்டார். எங்கள் சொந்த வண்டியைப் போன வருஷமே விற்றாயிற்று, சாவி கிடைக்காமல் வீட்டுச் சாவியை அதில் போட்டுத் திருகித் திருகிக் கதவைக் கெடுத்துக்கொண்டிருந்தார் என்பதால். வண்டி எங்கே என்று கேட்டால் சர்வீஸ்ல விட்டிருக்குதுங்க மாமா என்பேன். தினமும் கேட்பார். தினமும் சர்வீஸில் இருக்கும். சாயங்காலம் வந்துருமா என்பார். வந்துருங்க என்பேன். ஒரே பொய்யைத் தினமும் ஒரே ஆளிடம் ஒரே மாதிரி சொல்ல முடிகிறது, அவரும் தினமும் புதிதாக நம்புகிறார், அதுதான் தாங்க முடியவில்லை, ஒரு நாளாவது நம்பாமல் என்னைத் திட்டமாட்டாரா என்றிருக்கும்.

சிவப்பு வண்டி ஒன்றின் பக்கத்தில் மிருதுளா கொஞ்சம் நின்றாள், பார்த்துவிட்டேன். கண்ணாடியில் முகத்தைப் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டாள், அவ்வளவுதான், உடனே நகர்ந்துவிட்டாள். டிவியில் சிவப்புக் கார் போனால் ஏழு வயதில் நம்ம கார் என்று கத்தியவள் அவள். பல்லடத்தில் அவருக்கு இது முதலில் தொடங்கிய அன்றைக்கு அவள்தான் கூட இருந்தாள். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், திருப்பூரில் கல்யாணம், எனக்கு லீவு கிடைக்கவில்லை, அப்பாவும் பெண்ணும் போனார்கள். திரும்பி வரும்போது பல்லடம் ரவுண்டானாவில் நட்டநடுவே வண்டியை நிறுத்திவிட்டாராம். நாலு பக்கமும் ஹாரன். லாரிக்காரன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டுகிறான். இவர் அவளைப் பார்த்துச் சிரித்து, நம்ம எந்தப் பக்கம் கண்ணு போகணும் என்று கேட்டிருக்கிறார். ஆயிரம் தடவை போன ரோடு. அவள் விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தாளாம். அப்புறம் அவர் கழுத்தில் வேர்வை ஓடுவதைப் பார்த்திருக்கிறாள். இந்தப் பக்கம்ப்பா, இப்ப நேராப்பா, இப்ப மெதுவாப்பா என்று வீட்டு வாசல்வரைக்கும் சொல்லியே கொண்டுவந்து சேர்த்தாள். என்னிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் வண்டியை எடுக்கும்போதெல்லாம் நானும் வர்றேன்ப்பா என்று ஓடிப்போய் ஏறிக்கொள்வாள், அப்பா செல்லம் என்று நான்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம். ஒரு வருஷம் அந்தக் குழந்தை பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அவருடைய மூளையாக இருந்திருக்கிறது, நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்கேன் எடுத்தபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து, முன் பக்கம் சுருங்கிட்டு வருது பாருங்க என்று பேனாவால் தொட்டுக் காட்டினார், வாடின நெல்லிக்காய் மாதிரி இருந்தது. மருந்து இல்லையாம். தூங்க வைக்க மருந்து இருக்கிறதாம். ஐம்பத்திரண்டு வயதில் வருமா என்றேன், சிலருக்கு வரும் என்றார். வீட்டுல வேற யாருக்காவது இருந்துதுங்களா என்று கேட்டார். நான் இல்லைங்க என்று உடனே சொல்லிவிட்டேன். அப்புறம்தான் மாமனார் நினைவுக்கு வந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்திருக்கிறேன், பின்கட்டு அறையில் வைத்திருந்தார்கள், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றுதான் பேச்சு, ஒரு ஆடி மாதம் எழுந்து நடந்து போனவர் திரும்பி வரவில்லை, வாய்க்கால் கரையில்… வேண்டாம். அந்தப் பக்கம் போகக் கூடாது. டாக்டரிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த கேள்வி மிருதுளாவைப் பற்றி இருக்கும். அவள் எதை மறந்தாலும் இப்போது நான் எண்ணிக்கொள்கிறேன். போன வாரம் போனை எங்கேயோ வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினாள், எல்லாப் பெண்களும் தேடுகிறார்கள், பேங்கில் கேஷியர் தேடுகிறாள், நான் தேடுகிறேன். இருந்தாலும் அவள் தேடி முடிக்கும்வரை குக்கர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் போனில் எதையெதையோ படிக்கிறாள். தாத்தாவுக்கு என்னாச்சும்மா என்று மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டாள். வயசாயிருச்சு கண்ணு என்றேன். எத்தன வயசு என்றாள். எனக்குத் தெரியலை என்றேன். அப்புறம் அவள் கேட்கவே இல்லை, கேட்காமல் இருக்கிறாளே, அதுதான்.

போபாலில் இடம் கிடைத்திருக்கிறது அவளுக்கு. கட்டடக்கலை. சின்ன வயதிலிருந்து அட்டைப் பெட்டியை வெட்டி வெட்டி வீடு கட்டுவாள், படிக்கட்டு வைப்பாள், படிக்கட்டுக்குக் கீழே ஒரு அறை வைப்பாள், அந்த அறைக்குள் யார் இருப்பார்கள் என்று கேட்டால் யாரும் இல்லை சும்மா இருக்கும் என்பாள். அந்த ரிசல்ட் வந்த நாளில் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் குதித்தாள், தரை அதிர்ந்தது, அடுக்களையில் இருந்த எனக்குத் தெரிந்தது. வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். இங்கயே பீளமேட்டுல ஒரு காலேஜ்ல சேர்ந்துக்கறேன்மா, ஒரு பழைய கார் வாங்கிட்டா சாயங்காலம் அப்பாவ நானே கூட்டிட்டுப் போய்ட்டு வந்துருவேன் என்றாள், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறேன் என்பதுபோல. நான் ம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், கேட்டை உலுக்கும் சத்தம் காதுக்குள் கேட்டது, அன்றைக்குச் சாயங்காலம் இன்னும் ஆகியிருக்கவில்லை, இருந்தும் கேட்டது, ம் என்று வந்துவிட்டது. போபாலில் இந்த வாரம்வரைக்கும் இடத்தை வைத்திருப்பார்கள். இன்றைக்குச் சொல்லலாம். இப்போது சொல்லலாம். வேண்டாம், வா போகலாம், நீ கிளம்பு, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று உள்ளே ஒருத்தி கேட்கிறாள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு காப்பகத்தில் விட்டுப் பார்த்தோம், மூன்றாம் நாள் போனபோது கட்டிலில் கையைக் கட்டிவைத்திருந்தார்கள், என்னைப் பார்த்ததும் மணிக்கட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினார், கட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை அவருக்கு. மிருதுளாதான் அவிழ்த்தாள். சாம்பல் நிற வண்டி ஒன்றின் டிக்கியைத் திறந்து சக்கர நாற்காலி உள்ளே போகுமா என்று முழம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் இப்போது. நாற்காலி இன்னும் எங்கள் வீட்டில் இல்லை. வாங்குகிற பேச்சுகூட எடுத்ததில்லை. அவள் அதையும் தாண்டிப் போய்விட்டாள். ரியாஸ் இன்னொரு ஆளோடு பேசப் போயிருக்கிறார், நான் அவள் பக்கத்தில் போய் நிற்கிறேன், வெயிலில் தகரம்போலச் சுடுகிறது வண்டி.

"மிரு, இதெல்லாம் வேண்டாம். நீ போபாலுக்குப் போ."

அவள் டிக்கிக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை.

"போனா நீங்க என்னம்மா பண்ணுவீங்க?"

கோபமில்லை அதில். குத்தலும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறாள், நான் ஒரு வழி சொல்லிவிட்டால் கிளம்பிவிடுவாள், எந்த வழியாக இருந்தாலும் பரவாயில்லை, நம்புவதற்குத் தயாராக நிற்கிறாள், டிக்கி விளிம்பைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்துப்போயிருக்கின்றன. சொல்லு. எதையாவது சொல்லு. மாமாவிடம் தினமும் பொய் சொல்கிறாய் அல்லவா, அதே மாதிரி ஒன்று, ஆள் கிடைத்துவிட்டது, மருந்து வந்துவிட்டது, பேங்கில் லீவு கொடுக்கிறார்கள், ஏதாவது. இவளுக்கு ஒரு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. இவள் மறக்கமாட்டாள், அதுதான் காரணம், சொன்னதை வைத்திருப்பாள், போபாலில் ஒரு ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து அது பொய் என்று கண்டுபிடிப்பாள். இல்லை, அது காரணமில்லை. நான் பயந்தவள், அதுதான். அந்தச் சாயங்காலங்களில் தனியாக இருக்க எனக்குப் பயம். அவள் டிக்கியை மூடினாள், கையைத் துடைத்துக்கொண்டாள், இது பத்தாதும்மா, கொஞ்சம் பெருசா இருக்கணும் என்றாள். நான் திரும்பிப் பார்க்கிறேன், நாற்காலி காலியாக இருக்கிறது. டம்ளர் தரையில் நிற்கிறது. அந்த ஒரு கண்ணை எப்போது எடுத்தேன்? ரோட்டில் லாரி லாரியாகப் போகிறது, சத்தம் எல்லாம் ஒரே சத்தமாகி நெஞ்சுக்குள் இறங்குகிறது, வாய்க்கால் கரை, ஆடி மாதம், வெள்ளை வேட்டி, வேண்டாம் வேண்டாம். அப்பா அங்க இருக்கார்மா என்கிறாள் மிருதுளா. அவளுக்கும் ஒரு கண் அங்கேதான் இருந்திருக்கிறது, எனக்குப் பிடுங்கிய மாதிரி அவளுக்கும் பிடுங்கியிருக்கிறது.

வரிசையின் கடைசியில் ஒரு வெள்ளை வண்டி, நாங்கள் வைத்திருந்ததே போன்றது, அதன் பானெட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். முகம் எப்படி இருக்கிறது தெரியுமா, கல்யாண வீட்டில் பழைய சிநேகிதனைப் பார்த்தவர் மாதிரி. மணி, இங்க பாரு, நம்ம வண்டி, சர்வீஸ் முடிச்சுட்டாங்க என்கிறார். இந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு எத்தனை மாதமாயிற்று, வசந்தாமணியில் பாதியை எடுத்துக்கொண்டு மணி என்று அவர் மட்டும் கூப்பிடுவார், அழுகை வந்துவிட்டது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குவதுபோலச் சுருக்கிக்கொண்டேன். நான் சொன்ன பொய் நாலு சக்கரத்தில் வந்து நிற்கிறது. கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைச் சரிசெய்கிறார், கை தானாகப் போகிறது, சீட்டுக்கு அடியில் விட்டுப் பின்னால் நகர்த்துகிறார், பெல்ட்டை இழுத்து மாட்டுகிறார், ஒரு தப்பும் இல்லை, பார்ப்பவர்கள் இந்த மனிதருக்கு என்ன குறை என்பார்கள். ரியாஸ் ஓடி வந்து, சார் எடுத்துப் பாக்கறாருங்களா, சாவி கொண்டாறட்டுங்களா என்கிறார். இல்லைங்க என்று நானும் மிருதுளாவும் ஒரே நேரத்தில் சொல்கிறோம். சார் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது. இறங்குங்க மாமா என்கிறேன், கேட்கவில்லை. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும், ஸ்டியரிங்கில் நெற்றி, இத்தனை பேர் முன்னால். மிருதுளா அந்தப் பக்கம் குனிந்து அவர் தோளில் கையை வைக்கிறாள். அப்பா, இன்னிக்கு நான் ஓட்டிப் பழகறேன், நீங்க பின்னால உட்கார்ந்து ரூட் சொல்லுங்க, நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும் என்கிறாள். அவர் அவளை ரொம்ப நேரம் பார்க்கிறார். பிறகு ரியாஸைப் பார்த்து, எட்டாவது படிக்கற பொண்ணுங்க, அதுக்குள்ள வண்டி ஓட்டணும்னு நிக்கறா என்று சிரித்துக்கொண்டே இறங்குகிறார். ரியாஸும் சிரிக்கிறார், பாதியில் அவருக்கு என்னவோ புரிகிறது, சிரிப்பு முகத்தில் போக இடமில்லாமல் நிற்கிறது. அதற்கப்புறம் அவர் வண்டி விற்கிற பேச்சை நிறுத்திவிட்டார். சாவியை மிருதுளாவிடம் கொடுத்து, பாத்து ஓட்டும்மா, நானும் வர்றேன் என்று மட்டும் சொன்னார்.

அவளும் ரியாஸும் முன்னால், நானும் அவரும் பின்னால். நன்றாக ஓட்டுகிறாள். இவ்வளவு நன்றாக ஓட்டுவாள் என்று எனக்குத் தெரியாது, கிளட்ச்சை விடுவது தெரியவில்லை, கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிறாள், அதே பார்வையில் அப்பாவையும் பார்க்கிறாள். இப்படி ஒரு பெண் முதன்முதலாக ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவாள், சிநேகிதிகளை ஏற்றிக்கொண்டு பாட்டுப் போட்டுக்கொண்டு வால்பாறைக்கு, கொடைக்கானலுக்கு, அம்மாவிடம் ஒரு ஊர் பேரைச் சொல்லிவிட்டு வேறொரு ஊருக்கு. இவள் சூலூர்வரை போய்த் திரும்புவாள். நாளைக்கும் சூலூர். மழை பெய்தாலும், பரீட்சை இருந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், அவளுக்கு ஒருவனைப் பிடித்துப்போய் அவன் ஒரு சாயங்காலம் காத்துக்கொண்டிருந்தாலும் சூலூர். அவர் மறந்து மறந்து ஒன்றுமில்லாமல் ஆகிற வரைக்கும், அதன் பிறகு… அதன் பிறகு அவளுக்கு என்ன வயது இருக்கும், அதன் பிறகு இந்த வண்டியில் பின்னால் யார் உட்காருவார்கள், யார் ஓட்டுவார்கள். நிறுத்து. வெளியே பார். சிட்ரா, ஏர்போர்ட், நேராப் போனா நீலாம்பூர் என்று அவர் படித்துக்கொண்டே வருகிறார், குரலில் ஒரு சந்தோஷம், முழங்காலைத் தட்டித் தாளம் போடுகிறார், காற்றில் முடி பறக்கிறது, இந்த நிமிஷம் அவருக்கு ஒரு நோயும் இல்லை. இந்த ஒரு நிமிஷத்துக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால் கூடாது என்றுதான் சொல்வேன், சொல்லிவிட்டு இந்த நிமிஷத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் இங்கதான் மில்லு, எறங்கணும் என்றார். சொல்லும்போதே கதவைத் திறந்துவிட்டார். ரோடு கீழே சாம்பல் துணிபோல ஓடுகிறது, ஒரு காலை வெளியே வைக்கப் போகிறார், அவர் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன், பட்டன் தெறித்தது. மிருதுளா கத்தவில்லை. பிரேக்கை அழுத்தித் தேய்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி, நின்ற பிறகு திரும்பினாள். மில்லு லீவுப்பா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை என்றாள். அட ஆமா என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். ரியாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பி வருகிற வழி முழுக்க என் பக்கத்தில் அவர் போர்டுகளைப் படித்துக்கொண்டே வந்தார்.

வந்து நிறுத்தியதும் அவரை இறக்கி நிழலில் உட்காரவைத்துவிட்டு, வண்டியை அணைக்காமலேயே மிருதுளா இறங்கிச் சுற்றி வருகிறாள். பின் கதவைத் திறந்து அதன் விளிம்பைத் தடவிப் பார்க்கிறாள். அண்ணா, இதுல அது இருக்குதுங்களா, அந்த, உள்ள இருந்து தெறக்க முடியாதபடி, அதுக்குப் பேரு, என்று கையை ஆட்டி ஆட்டி வார்த்தையைத் தேடுகிறாள். கிடைக்கவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் கார் சாமானின் பேர் எப்படித் தெரியும், எனக்கும்தான் தெரியாது, தேடட்டும், எல்லோரும் தேடுகிறார்கள். சைல்டு லாக்குங்களா என்கிறார் ரியாஸ். ஆமாண்ணா அதுதான் என்று மூச்சு விடுகிறாள். கதவை மூடினால் மறைந்துபோகிற இடத்தில் நகம் அளவுக்கு ஒரு விசை, அதைக் கீழே தள்ளிக் காட்டுகிறார், ரெண்டு கதவுக்கும் உண்டும்மா என்று மெதுவாகச் சொல்கிறார். கண்ணாடியையும் முன்னாலிருந்தே பூட்டிக்க முடியுங்களாண்ணா, எறக்கிக் கைய வெளிய விட்டுத் தெறந்துட்டா என்று கேட்கிறாள். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறாள். முடியும்மா என்கிறார். கலரு வேணா சிவப்புல இதே மாதிரி வருமான்னு கேட்டுப் பாக்கட்டுங்களா, நீ அத நின்னு பாத்துட்டுப் போன என்று அவராகவே கேட்கிறார். இல்லண்ணா, அப்பாவுக்கு இதுதான் பழக்கம் என்கிறாள். பிறகு என்னைப் பார்க்கிறாள். அம்மா, நீங்க உள்ள உட்காருங்க, நான் வெளிய இருந்து சாத்தறேன், தெறக்குதான்னு பாருங்க.

உட்காருகிறேன். கதவு மூடியதும் ரோட்டுச் சத்தம் எல்லாம் அறுந்துபோகிறது, ஏசி மட்டும் சன்னமாக ஓடுகிறது. கைப்பிடியை இழுக்கிறேன். இழுக்க இலேசாகத்தான் இருக்கிறது, வருகிறது, விட்டால் திரும்பிப் போகிறது, கதவு அசையவில்லை. கண்ணாடிப் பொத்தானை அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை இழுக்கிறேன், தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்க்கிறேன். கண்ணாடிக்கு வெளியே குனிந்து மிருதுளா கேட்கிறாள், குரல் வரவில்லை, உதடு மட்டும் தெறக்குதாம்மா என்கிறது. இல்லை என்று தலையாட்டுகிறேன். அவள் சிரிக்கிறாள். காலையிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறாள், ரிசல்ட் வந்த அன்றைக்கு ரூமுக்குள் சத்தமில்லாமல் குதித்தவளின் சிரிப்பில்லை இது, வேலை முடிந்து செருப்பைக் கழற்றுகிறவர்களின் சிரிப்பு. ரியாஸிடம் திரும்பி எதுவோ சொல்கிறாள், இதையே எடுத்துக்கலாம் என்பாள், வேறென்ன சொல்வாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார். என்னைத் திறந்துவிட அவளுக்கு நினைவில்லை. கண்ணாடியைத் தட்டலாம், ஒரு தட்டுத் தட்டினால் போதும், நான் தட்டவில்லை. நிழலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வருகிறார், அந்தப் பக்கக் கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஜாக்கிரதையாக இழுத்துச் சாத்திக்கொள்கிறார். பட்டன் இல்லாத சட்டையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் தெரியாத பெண் பக்கத்தில் உட்கார்ந்தவரைப்போலக் கூச்சத்தோடு என்னைப் பார்க்கிறார்.

"நீங்க எந்த ஊர் போறீங்க?"

"நீங்க போற ஊருக்குத்தானுங்க."

அப்படிங்களா என்று இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விடுகிறார்.